நேற்றைய காற்று

மழையை அளப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. காலை எட்டரை மணிக்கு மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளே குடுவையில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். பார்த்த அளவை அன்றைய தேதியில் எழுத வேண்டும். மழை முந்தின நாள் சாயங்காலம் பெய்திருக்கலாம், விடியற்காலையில் பெய்திருக்கலாம். அதைப் பற்றிக் கவலையில்லை. தேதி, அளந்த நாளுடையது. பெய்த நாளுடையது அல்ல. புதன்கிழமை கொட்டியது வியாழக்கிழமையின் பெயரில் இருக்கும். இந்த வேலையில் இருந்தவர்கள் யாருக்கும் இதில் குழப்பம் வராது.

நான் உத்திரமேரூரில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த முப்பத்தொரு வருஷமும் அங்கிருந்த மழைமானி என் பொறுப்பு. ஓய்வு பெற்றபின் சொந்தமாக ஒன்று வாங்கி வீட்டுப் பின்புறத்தில் நட்டேன். தீபாவளி, பொங்கல், மனைவி இறந்ததற்கு மறுநாள் என்று எந்த நாளும் எட்டரையைத் தவறவிட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே ஒரு கரடு, அதன்மேல் காப்புக்காடு. காடு என்றதும் பெரிய மரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரை, சூரை, களா என்று முட்புதர்கள், நடுவே தர்ப்பை, அடிவாரத்தில் சீமைக்கருவேலம். கரட்டுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட சரிவில் காலனி. ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்குக் கரட்டில் தீப்பிடித்தது. புகையைப் பார்த்த உடனே நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். மூன்று நாள் எரிந்தது. தீயணைப்பு வண்டி அடிவாரம்வரை வந்தது, அதற்குமேல் பாதை இல்லை. காலனிக்காரர்கள்தான் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டுபோய் அடித்து அணைத்தார்கள். நாலாம் நாள் காடு கறுப்பாகிப் புகை அடங்கியது. ஆனால் நாற்றம் அடங்கவில்லை. அது இலை எரிந்த வாசனை அல்ல. ரப்பர், மின்கம்பி உறை, மெத்தைப் பஞ்சு இதெல்லாம் எரியும் வாசனை. எந்தத் தொழிற்சாலையின் கழிவு என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருஷமாக லாரிகள் வந்து கரட்டின் பின்புறப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தன. மேலே மண் மூடியிருந்ததால் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. லாரிகள் வந்த நாட்கள் மட்டும் என் நோட்டில் இருந்தன. இப்போது அந்தப் பள்ளம் சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், கதவு ஜன்னல்களை மூடி வைத்துக்கொள்ளவும், முதியோரும் குழந்தைகளும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் வெளியே வர வேண்டாம் என்று பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டே போனது. காலனியில் பாதி வீடுகளுக்குக் கதவு என்பது ஒரு தார்ப்பாய். ஆட்டோ அங்கேயும் அதையேதான் சொல்லியிருக்கும். ஊர் வாட்ஸப் குழுவில் வெல்லம் தின்றால் நுரையீரல் சுத்தமாகும் என்று ஒருவர் போட, இன்னொருவர் வெல்லத்தை விடக் கருப்பட்டி நல்லது என்று போட்டார். அன்று முழுக்க அந்தச் சண்டை நடந்தது.

ஏழாம் நாள், திங்கட்கிழமை, மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு இளம் பொறியாளர் கருவியைக் கொண்டுவந்தார். கிரைண்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதை ஊராட்சி அலுவலகத்து மொட்டைமாடியில் வைத்து, கீழே அறையில் ஒரு சிறு திரையை மாட்டினார். காலனியில் வைக்கலாமே என்று கேட்டதற்கு, அங்கே கரண்ட் அடிக்கடி போகும் என்று ஊராட்சி செயலர் சொல்லிவிட்டார். திரையில் இரண்டு எண்கள் தெரியும். மேலே பெரிதாக, கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தின் சராசரி. கீழே பொடியாக, அந்த நிமிஷத்தின் அளவு. சராசரியை ஒரு அட்டவணையோடு ஒப்பிட்டால் நிறம் கிடைக்கும். நல்ல காற்றுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், கெட்டதற்குச் சிவப்பு.

தினமும் இதை ஊராருக்குத் தெரிவிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் பொறியாளர். செயலர் என்னைக் கை காட்டினார். கையெழுத்து அச்சுப்போல இருக்கும், ஒரு நாளும் தவறமாட்டார் என்றார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து ஒருவர் என்னை ஒரு வேலைக்குக் கேட்கிறார். பெரிய எண்ணை மட்டும் எழுதினால் போதும், கீழே இருப்பது நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும், ஜனங்கள் பயந்துபோவார்கள் என்று பொறியாளர் சொன்னார். எத்தனை மணிக்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். உங்களுக்கு வசதியான நேரம் என்றார். எட்டரை என்றேன். அவருக்கு அது வெறும் எட்டரை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு எதிரே, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்கள். மூன்று நிறச் சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் காலையில் முதல் தடவை எழுதினேன். மேலே தேதி, கிழமை. நடுவில் எண். அடியில் பெரிய வட்டம், நிறம் நிரப்பி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று வட்டம் போட்டது என் யோசனைதான். அன்று சிவப்பு.

டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சாரு இன்னிக்கி இன்னா நம்பர் வுட்டுகிறாரு? கடைசி ரெண்டு நம்பர மட்டும் முன்னாடியே சொல்லிடு சார், நான் கட்டிட்டு வந்துர்றேன்" என்றார். லாட்டரி முடிவு ஒட்டுகிற பலகை மாதிரிதான் அவர்களுக்கு அது இருந்தது. ஒருவருக்கு மட்டும் அப்படியில்லை.

காலனியில் நாற்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி. எங்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள், அவள் அம்மாவும் பாட்டியும் வந்தவர்கள்தான். கணவன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மாரில் சுருக்குப்பை ஒன்றைச் செருகியிருப்பாள், உள்ளே ஊதி இழுக்கிற மருந்து. தீக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: புகை இருக்கிற நாளில் வெளியே போகாதே, மறுபடி ஒரு தடவை பெரிதாக இழுத்தால் நுரையீரல் பழையபடி திரும்பாது.

ஆனால் அந்த வாரம் நூறு நாள் வேலை கரட்டு அடிவாரத்தில்தான் நடந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் சாம்பலும் கரியும் சரிந்து கிடந்தன. கோடை மழைக்குள் வாரியாக வேண்டும். ஒன்பது மணிக்குள் வருகைப் பதிவுக்கு எடுக்கிற போட்டோவில் நிற்காவிட்டால் அன்றைய வேலை இல்லை. செயலர் ஒரு ஏற்பாடு சொன்னார். பலகையில் சிவப்பு இருந்தால் வேலை கிடையாது, மற்ற நாளில் உண்டு. ஆக, என் பலகையைப் பார்த்துத்தான் மண்வெட்டி எடுப்பதா வைப்பதா என்பது முடிவாகும். அவளுக்கு எழுத்து தெரியாது. வட்டம் தெரியும்.

தினமும் எட்டரைக்கு, நான் எழுதி முடிக்கும்வரை பின்னால் நிற்பாள். மற்றவர்கள் பலகையைப் பார்ப்பார்கள், அவள் என்னைக் கேட்பாள். "போலாமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லு சார்." சிவப்பு நாளில் திரும்பிப்போவாள். மஞ்சள் நாளிலும், வேலை இருந்தும், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவாள். பச்சைக்காகக் காத்திருந்தாள்.

பத்தாம் நாள் காற்று நன்றாக இருந்தது. மதியத்துக்கு முன்பே கடற்காற்று வந்து புகையைக் கரட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டது. பலகையில் சிவப்பு. "மூக்கு நல்லாத்தான் கீது, பலகைக்குத்தான் சளி புட்ச்சிகினு கீது" என்று டீக்கடையில் சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உண்டு, மூக்கை நம்பாதீர்கள் என்று நான் விளக்கினேன். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினாலாம் நாள் பலகை பச்சைக்கு வந்தது. அவள் மூன்று நாள் வேலைக்குப் போனாள். ஒன்றும் ஆகவில்லை.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு மேல்காற்று திரும்பியது. பள்ளத்தில் எங்கோ சாம்பல் விலகியிருக்க வேண்டும். நான் பல் துலக்கும்போதே நாக்கில் கசப்பு. பலகைக்கு நடந்து வரும்போது ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. முதலில் ஊராட்சி அலுவலகத்தில் திரையைப் பார்த்தேன். மேலே இருந்த பெரிய எண் பச்சையின் கடைசிப் படியில் இருந்தது. இருபத்தோரு மணி நேரத்து நல்ல காற்று சேர்ந்து, மூன்று மணி நேரத்துப் புகையைக் கரைத்துவிட்டிருந்தது. கீழே இருந்த பொடி எண் அதைப்போலப் பல மடங்கு. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்ச நாள் முயன்றேன், முடியவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்ட எண் அது. சாக்பீஸ் எடுத்துத் தேதி எழுதினேன், கிழமை எழுதினேன், பச்சை வட்டத்தை ஓரம் பிசகாமல் நிரப்பினேன்.

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார், பச்ச போட்டுகினு கீற? வாட கொடலப் பொரட்டுதே."

"கருவி பொய் சொல்லாதும்மா."

என் வாழ்க்கையில் எவ்வளவோ வாக்கியங்கள் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை. அவள் பலகையையும் கரட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீ சொன்னா சரிதான் சார்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

பதினொன்றே காலுக்கு ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். நான் டீக்கடையில் இருந்தேன். ஆட்டோ வேகத்தைக் குறைக்காமல் போயிற்று. இரண்டு பெண்கள் அவளை உட்கார்த்திப் பிடித்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்ததாக அந்த இருவரில் ஒருத்தி பிற்பாடு சொன்னாள். உத்திரமேரூரில் பார்த்துவிட்டு அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காற்று மறுபடி கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி, கரட்டின் ஒவ்வொரு பாறையும் எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது. எட்டரைக்குத் திரையைப் பார்த்தேன். சிவப்பு. தேதியையும் கிழமையையும் எழுதிவிட்டுச் சிவப்புச் சாக்பீஸைக் கையில் எடுத்தபோதுதான் என் கை நின்றது. நான் எழுதப்போகும் சிவப்பு நேற்றையது. நேற்று எழுதிய பச்சை முந்தாநாளையது. பத்து நாளாக நான் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது, அவர்கள் ஏற்கெனவே மூச்சில் இழுத்து முடித்துவிட்ட காற்றை. இருபத்து நான்கு மணி நேர அளவை எட்டரைக்கு எடுத்து, எடுத்த நாளின் தேதியில் எழுதினேன். மழைக்குச் செய்கிற மாதிரியே. மழை பெய்து முடிந்தபின் அதில் நனைவதா வேண்டாமா என்று யாரும் கேட்டு வருவதில்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்திருந்தால், 'நேற்று' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கும், அல்லது புகையைப் பார்த்துவிட்டுத் தானாகவே சிவப்பைப் பூசியிருக்கும். இந்தத் தப்பைச் செய்யத்தான் முப்பத்தொரு வருஷப் பழக்கம் வேண்டும்.

சிவப்பைப் பார்த்து, நல்ல காற்று அடித்த அந்த வெள்ளிக்கிழமை வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பெண்கள் மண்வெட்டியோடு என்னைத் தாண்டிப்போனார்கள். அவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஊர் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் இருந்த கதையெல்லாம் அதில் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்வது எனக்குப் பிடிக்கும். வெட்டியவனுக்கு, தப்பாக வெட்டினால் அது அழியாமல் நின்றுவிடுமே என்ற பயம் இருந்திருக்கும். என் பலகையை அன்று சாயங்காலம் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கருவியையும் எடுத்துப் போனார்கள். வேறு ஊரில் தேவைப்படுகிறதாம்.

செயலரிடம் போய்ச் சொன்னேன். எது எந்த நாளுடைய எண், எந்தக் காலையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நோட்டைப் பிரித்து வைத்து முதலிலிருந்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"இன்னா சார் நீ, இத்தப் போயி பேஜார் பண்ணிக்கினு கீற. வேணும்னா எழுதுன? அதுக்கு ஏற்கெனவே இழுப்பு. வுடு சார்."

நான் விடவில்லை. அதற்கடுத்த கிராம சபையில் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தீக்குப் பின் எடுத்த நடவடிக்கைகளை வாசித்தார். காற்றின் தரம் தினமும் கண்காணிக்கப்பட்டு, பொதுமக்களுக்கு நாள்தோறும் தெரிவிக்கப்பட்டது என்ற வரி வந்தபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. பெண்கள் வரிசையின் ஓரத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு மனு கொடுத்திருந்தாள், துணைக்கு வந்து தங்கியிருந்த மகள் எழுதியது. பள்ளத்துக் கழிவை அள்ள வேண்டும். தன் மூச்சு போனது அந்தப் புகையால்தான் என்று எழுத்தில் தர வேண்டும். அப்படி எழுத்தில் இருந்தால்தான் உதவித்தொகைக்கோ, உட்கார்ந்து செய்கிற வேலைக்கோ கேட்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எழுந்து நின்றேன். தேதிவாரியாகச் சொன்னேன். பலகையில் வந்தது முந்தின நாளின் காற்று, அது என் தப்பு. ஆனால் அந்த நிமிஷத்தின் அளவை எழுத வேண்டாம் என்றது என் முடிவல்ல, கருவியைக் காலனியில் வைக்காததும் அல்ல, பள்ளத்தில் லாரிகள் வந்த நாட்களும் என்னிடம் இருக்கின்றன என்றேன். நாலு வாக்கியம் சொன்னேன். அதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொன்னார், வயதில் பெரியவர், தன்னார்வமாகச் செய்தவர், யாரும் குறை சொல்லக்கூடாது என்று சபையைக் கேட்டுக்கொண்டார். மறுபடி கைதட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் வந்தது ஒரே வரி: தகவல் பலகையில் ஏற்பட்ட பிழை, தன்னார்வலரின் கவனக்குறைவு. அவளுடைய மனுவுக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த வரியைக் காட்டி, புகையினால் என்று சான்றளிக்க இயலாது, தவறான தகவலை நம்பிச் சென்றதால் ஏற்பட்டது என்று முடித்துவிட்டார்கள். பள்ளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. என் வாழ்நாளில் என்னைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொன்னதில்லை. அதைவிட, உண்மையைச் சொல்லி அவள் மனுவை நானே மூடினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு அந்தக் காகிதம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்று செயலர் சத்தியம் செய்கிறார். எனக்குத் தெரியாது.

பதிலை மகள் படித்துக் காட்டிய மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். தார்ப்பாய்க் கதவுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போய், எட்டரை மணி விதியை விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். பேச்சு இப்போது துண்டு துண்டாகத்தான் வரும்.

"அதெல்லாம் வேணாம் சார். மூக்கு சொல்லிச்சி, போவாதன்னு. பெறந்ததுலேர்ந்து இந்த மூக்க நம்பித்தான் பொழச்சிகினு வந்தேன். அன்னிக்கி ஒரு நாளு, படிச்சவரு எழுதிகிறாருன்னு, பலகைய நம்புனேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். குடித்தேன். அந்த வீட்டில் நான் தண்ணீர் குடித்தது அதுவே முதல் தடவை. மூன்று தலைமுறையாக எங்கள் கழனியில் வேலை செய்த குடும்பம்.

ஆடியில் ஒரு மழை பெய்தது. சாயங்காலம் முக்கால் மணி நேரம், நல்ல மழை. மறுநாள் எட்டரைக்குப் பின்புறத்தில் குப்பியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் ரேஷன் கடைக்குப் போகிற பாதை. அவள் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.

"இது நேத்து மழையா, இன்னிக்கி மழையா?"

"நேத்து பெஞ்சதும்மா."

"அப்ப நேத்துன்னு எழுது."

விதி அப்படியில்லை என்றேன். ஊர் ஊராக எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால்தான் ஒப்பிட முடியும், நான் மட்டும் மாற்றினால் இத்தனை வருஷத்து வரிசை கெட்டுப்போகும் என்றேன். கேட்டுக்கொண்டாள். "ஒன் ரூல்சு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். எங்கள் வேலி முனைக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் ஐந்து தடவை நின்றாள். எண்ணினேன்.

அவள் கடைக்குள் போனபின் நோட்டை எடுத்து அன்றைய தேதியில்தான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.